பூனைக்காலி விதையும் நடுக்குவாத ஆய்வும்: சேப்பாக்கம் ஆய்வகம் (1937) முதல் பாலா வி. மன்யம் வரை

ஆய்வுச் சுருக்கம்

பார்க்கின்சன் நோய்க்கு இன்றும் முதன்மை மருந்தாக விளங்குவது லெவோடோபா. பூனைக்காலி விதையில் இவ்வேதிப்பொருள் உள்ளதென்பது 1937-ஆம் ஆண்டிலேயே சென்னைப் பல்கலைக்கழக ஆய்வகத்தில் நிறுவப்பட்டது. ஆயினும் அக்கண்டறிவு நடுக்குவாத மருத்துவத்தோடு இணைவதற்கு நாற்பது ஆண்டுகள் ஆயின. மருத்துவ நூல் மரபு, தாவர வேதியியல், நரம்பியல் ஆகிய மூன்று அறிவுத்துறைகளும் தனித்தனியே இயங்கியதும், நரம்பியலர் பாலா வி. மன்யத்தின் ஆய்வுப்பணியில் அவை ஒன்றையொன்று சந்தித்ததும் இக்கட்டுரையில் ஆராயப்படுகின்றன. ‘பண்டைய இந்தியர் லெவோடோபா மருத்துவத்தை அறிந்திருந்தனர்’ என்னும் கருத்தைச் சான்றுகள் எந்த எல்லைவரை தாங்கும் என்பதும் மதிப்பிடப்படுகிறது.

திறவுச்சொற்கள்: பூனைக்காலி, லெவோடோபா, நடுக்குவாதம், அசைவுக் கோளாறுகள், பாலா வி. மன்யம், மருத்துவ வரலாறு.

முன்னுரை

முத்துக்குளித்துறையின் வரலாறு பெரும்பாலும் முத்து, சங்கு, உப்பு ஆகியவற்றைக் கொண்டே எழுதப்பட்டுள்ளது. அக்கடற்கரையிலிருந்து கப்பலேறிய மூலிகைச் சரக்குகள் ஆய்வாளர் கவனத்தைக் குறைவாகவே பெற்றுள்ளன. இன்றைய திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களின் வறண்ட நிலங்களில் விளைந்த நிலாவாரை இலை, தூத்துக்குடித் துறைமுகத்தின் வழியாக ஐரோப்பாவை அடைந்து, ‘திருநெல்வேலி சென்னா’ என்னும் ஊர்ப்பெயருடனேயே மேலை மருந்து நூல்களில் இடம்பெற்றது. ஒரு வட்டாரத்தின் மூலிகை தன் ஊர்ப்பெயரை இழக்காமல் உலக மருத்துவத்துள் நுழைந்தமைக்கு இது தெளிவான சான்றாகும்.

எல்லா மூலிகைகளுக்கும் இவ்வாய்ப்புக் கிட்டவில்லை. தமிழகத்தின் வேலிகளிலும் புதர்களிலும் படரும் பூனைக்காலிக் கொடி இதற்கு மாறான வரலாறு உடையது. உலகெங்கும் நடுக்குவாத நோயாளர் உட்கொள்ளும் மருந்துப்பொருள் அதன் விதையில் உள்ளது. எனினும் அம்மருந்தின் வரலாற்றில் அக்கொடியின் பெயரோ அதனைப் பகுத்தாய்ந்த சென்னை அறிஞர்களின் பெயரோ பரவலாகப் பேசப்படுவதில்லை. இவ்விடுபாட்டை உணர்ந்தோருள் சிலர், பண்டைய நூல்களில் எல்லாமே உள்ளன என்னும் மறுமுனைக்குச் சென்றுவிடுகின்றனர். இவ்விரு முனைகளுக்கும் இடையே, நிகழ்ந்தவற்றைக் கால வரிசையில் நிறுத்திப் பார்ப்பது தேவையாகிறது.

ஒரு கொடி, பல பயன்கள்

பூனைக்காலி, முக்குனா புரூரியன்ஸ் என்னும் தாவரவியல் பெயருடையது. அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த படர்கொடி. அதன் காயைப் போர்த்திருக்கும் பொன்னிறச் சுணை மேலே பட்டால் கடும் அரிப்பு உண்டாகும். ‘புரூரியன்ஸ்’ என்னும் இலத்தீன் அடைமொழியும் அரிப்பையே குறிக்கிறது. வடமொழி மருத்துவ நூல்கள் இதனை ஆத்மகுப்தா, கபிகச்சு எனப் பெயரிட்டு அழைக்கின்றன.

ஒலாந்தர் தூத்துக்குடியைப் போர்ச்சுகீசியரிடமிருந்து 1658-இல் கைப்பற்றினர். தென்னிந்தியக் கடற்கரையில் அவர்கள் நிலைகொண்ட அக்காலப் பகுதியிலேயே, கொச்சியில் ஆளுநராக இருந்த வான் ரீடு தொகுப்பித்த ‘ஹோர்த்தூஸ் மலபாரிக்குஸ்’ என்னும் பெருநூல் 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. இக்கொடி ‘நாய்க்குரணை’ என்னும் மலையாளப் பெயருடன் அந்நூலில் படத்தோடு பதிவுபெற்றுள்ளது. எனவே ஐரோப்பியத் தாவரவியலுக்கு இக்கொடி 17-ஆம் நூற்றாண்டிலேயே அறிமுகமாகிவிட்டது.

ஆனால் ஐரோப்பியர் இதனைப் பயன்படுத்திய முறை வேறு. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் இக்காயின் சுணை, பாகில் குழைத்துக் குடற்புழு நீக்கும் மருந்தாகக் கொடுக்கப்பட்டது. சித்த மருத்துவத்தில் விதையே முதன்மை பெற்றது. அது காமம்பெருக்கி, நரம்புரமாக்கி என வகைப்படுத்தப்பட்டது. சரக சங்கிதையிலும் ஆத்மகுப்தா குறிப்பிடத்தக்க இடம்பெறுவது ஆண்மைப் பெருக்க மருந்துகளைக் கூறும் வாஜீகரணப் பகுதியிலாகும். ஆக, ஒரே காயின் சுணை ஓரிடத்திலும் விதை மற்றோரிடத்திலும் வெவ்வேறு நோக்கங்களுக்காகப் பயன்பட்டன. ஒரு மூலிகை நீண்டகாலம் அறியப்பட்டிருந்தது என்பதும், அதன் குறிப்பிட்ட ஒரு பயன் அறியப்பட்டிருந்தது என்பதும் ஒன்றாகா. இவ்வேறுபாடு பின்வரும் ஆய்வுக்கு அடிப்படையாகும்.

சேப்பாக்கம், 1937

டோபா என்னும் அமினோ அமிலம் 1911-இல் காசிமிர் பங்க் என்பவரால் செயற்கையாக உருவாக்கப்பட்டது. 1913-இல் மார்க்கஸ் குகன்ஹெய்ம் சுவிட்சர்லாந்தின் ரோச் நிறுவனத்தில் பணியாற்றியபோது, அதன் இயற்கை வடிவமாகிய லெவோடோபாவை ஒருவகை அவரையிலிருந்து பிரித்தெடுத்தார். அதற்கு மருத்துவப் பயன் ஏதும் அப்போது தெரியவில்லை.

இச்சூழலில் சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தைச் சேர்ந்த எம். தாமோதரன், ஆர். ராமசாமி ஆகிய இருவரும் பூனைக்காலி விதையிலிருந்து லெவோடோபாவைப் பிரித்தெடுத்தனர். அவ்வாய்வு 1937-இல் இங்கிலாந்தின் ‘பயோகெமிக்கல் ஜர்னல்’ இதழின் 31-ஆம் தொகுதியில் நான்கு பக்கக் கட்டுரையாக வெளிவந்தது. அக்கட்டுரை வேதியியல் கட்டுரையே. நடுக்குவாதம் அதன் பொருளன்று. அவ்வாறு இருந்ததில் வியப்பில்லை. அன்று டோபமைன் மூளையில் செயற்படும் பொருள் என்பதே உலகில் எவருக்கும் தெரியாது. டோபாவை டோபமைனாக மாற்றும் நொதி ஜெர்மனியில் பீட்டர் ஹோல்ட்சால் கண்டறியப்பட்டது அடுத்த ஆண்டாகிய 1938-இல்தான்.

எனவே 1937-ஆம் ஆண்டுக் கட்டுரையை ‘நடுக்குவாத மருந்தின் கண்டுபிடிப்பு’ என்று கூறுதல் பொருந்தாது. அதேவேளையில் அது பயனற்றுப்போன தகவலும் அன்று. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் ஒரு விதையினுள் இன்ன பொருள் உள்ளது என்பதை உறுதியாக நிறுவிய முதன்மைச் சான்று அதுவே. பிற்கால மருத்துவ ஆய்வுகள் அனைத்தும் அச்சான்றின் மேல் எழுப்பப்பட்டவையாகும்.

வேதிப்பொருள் மருந்தாகிய முறை

1957-இல் சுவீடனைச் சேர்ந்த அர்விட் கார்ல்சனும் அவர் குழுவினரும், ரிசெர்பின் செலுத்தப்பட்டு அசைவற்றுக் கிடந்த முயல்கள் டோபா செலுத்தப்பட்டதும் மீண்டும் இயங்கத் தொடங்கியதை வெளியிட்டனர். இச்சோதனையில் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. அசைவை ஒடுக்கிய ரிசெர்பின், சர்ப்பகந்தி என்னும் இந்திய மூலிகையிலிருந்து 1952-இல் பிரிக்கப்பட்டது. சர்ப்பகந்தியின் குருதியழுத்தம் தணிக்கும் ஆற்றலை உலக மருத்துவத்தின் கவனத்திற்குக் கொண்டுவந்தது, பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949-இல் வெளியிட்ட கட்டுரையாகும். அசைவை மீட்ட டோபாவோ பூனைக்காலியிலும் உள்ள பொருள். நடுக்குவாத ஆய்வின் திருப்புமுனையாகிய ஒரு சோதனையின் இரு புறத்திலும் இந்திய மருந்துச் சரக்குகளோடு தொடர்புடைய வேதிப்பொருள்கள் இருந்துள்ளன. ஆனால் சோதனையை வழிநடத்திய வினா முற்றிலும் நரம்பு வேதியியலுக்குரியது.

1960-இல் எரிங்கர், ஹோர்னிகீவிச் ஆகியோர் நடுக்குவாதத்தால் இறந்தோரின் மூளையில் ஸ்ட்ரையேட்டம் என்னும் பகுதியில் டோபமைன் பெருமளவு குறைந்திருந்ததை வியன்னாவில் கண்டறிந்தனர். 1961-இல் பிர்க்மாயரும் ஹோர்னிகீவிச்சும் லெவோடோபாவை நரம்பூசி வழியாக நோயாளருக்குச் செலுத்தி, சிறிது நேரம் அசைவு மேம்பட்டதைப் பதிவுசெய்தனர். 1967-இல் அமெரிக்காவில் ஜார்ஜ் கோட்சியாஸ் வாய்வழியாகச் சிறிது சிறிதாக அளவை உயர்த்திப் பேரளவில் டோபா கொடுத்து நிலையான பயன் கண்டார். டோபமைன் மூளைக்குள் நேரடியாகப் புகாது, லெவோடோபா புகும். ஆனால் உட்கொள்ளும் லெவோடோபாவின் பெரும்பகுதி மூளையை அடையுமுன்பே உடலின் பிற பகுதிகளில் டோபமைனாக மாறிக் குமட்டலை உண்டாக்கும். இதனைத் தடுக்கும் கார்பிடோபா போன்ற துணைமருந்துகள் பின்னர்ச் சேர்க்கப்பட்டன. அதனால் தேவைப்படும் லெவோடோபாவின் அளவும் பெரிதும் குறைந்தது.

சென்னையில் நடுக்குவாத மருத்துவம்

இதே காலத்தில் சென்னையில் நடுக்குவாதத்திற்கு என்ன செய்யப்பட்டது என்பதும் நோக்கத்தக்கது. 1950-இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி நரம்பு அறுவை மருத்துவப் பிரிவைத் தொடங்கினார். அவரும் வி. பாலசுப்பிரமணியம், டி. எஸ். கனகா ஆகியோரும் ஸ்டீரியோடாக்டிக் அறுவை மருத்துவத்தில் ஈடுபட்டனர். மூளையின் ஆழத்திலுள்ள ஒரு புள்ளியை மூன்று அளவைக் கோடுகளால் கணித்து, அங்கு மெல்லிய ஊசியைச் செலுத்தி, குறிப்பிட்ட சிறு பகுதியைச் செயலிழக்கச் செய்வது இம்முறை. நடுக்கமும் தசை விறைப்பும் இதனால் குறைந்தன. 1968-இல் நரம்பு அறுவை மருத்துவப் பட்டம் பெற்ற கனகா, ஆசியாவின் முதல் பெண் நரம்பு அறுவை மருத்துவர்களுள் ஒருவர். மூளைத் தாக்கத்தால் குழந்தைகளுக்கு உண்டாகும் அசைவுக் கோளாறுகளுக்கான அறுவை முறையில் முனைவர் பட்ட ஆய்வும் மேற்கொண்டார்.

சேப்பாக்கம் ஆய்வகத்திற்கும் அரசு பொது மருத்துவமனைக்கும் இடையே உள்ள தொலைவு சில கிலோமீட்டரே. எனினும் முன்னதில் கண்டறியப்பட்ட பொருளைப் பின்னதில் இருந்த நோயாளரோடு இணைக்கும் கோட்பாடு 1960 வரை உலகில் எங்கும் உருவாகவில்லை. இவ்விடைவெளிக்குத் தனிமனிதரின் கவனக்குறைவைக் காரணமாகக் கூற இயலாது. வேதியியலார்க்கு நோய் தெரியாது. மருத்துவர்க்கு அந்நோயின் வேதியியல் தெரியாது. வைத்தியர்க்கு விதை தெரியும், விதையினுள் உள்ள பொருள் தெரியாது. மூவரையும் ஒரே மேசைக்குக் கொண்டுவரும் வினா எழுந்த பின்னரே 1937-ஆம் ஆண்டுக் கட்டுரைக்கு மருத்துவப் பொருள் கிடைத்தது.

அவ்வினாவை இந்தியாவில் முதலில் நோயாளரிடம் சோதித்தோர் பம்பாய் ஆய்வாளர்கள். வைத்யா குழுவினர் பூனைக்காலியைக் கொண்டு நடுக்குவாதத்திற்கு மருத்துவம் செய்த ஆய்வு 1978-இல் ‘நியூராலஜி இந்தியா’ இதழில் வெளிவந்தது. இவ்வழியைப் பன்னாட்டு நரம்பியல் அரங்கிற்குக் கொண்டுசென்றவர் பாலா வி. மன்யம்.

மன்யத்தின் ஆய்வுப்பணி

மன்யத்தின் தொடக்ககால ஆய்வுகள் மூலிகை பற்றியவை அல்ல. 1970-களின் இறுதியிலும் 1980-களின் தொடக்கத்திலும் அவர் ஹண்டிங்டன் நோயாளரின் மூளைத் தண்டுவட நீரில் காபா என்னும் நரம்புச் செய்திப் பொருளின் அளவை ஆராய்ந்தார். காசநோய் மருந்தாகிய ஐசோனியசிட் காபாவின் அளவை உயர்த்தும் என்பதால், அதனைக் கட்டுப்பாடற்ற உடலசைவுகளுக்குப் பயன்படுத்த இயலுமா என்னும் ஆய்வை 1981-இல் வெளியிட்டார். காபா அளவு உயர்ந்தது. ஆயினும் அம்மருந்து அந்நோய்க்குரிய நிலையான மருத்துவமாகவில்லை. ஒரு நோய்க்கென அறியப்பட்ட மருந்தை அதன் வேதிச் செயல்பாட்டின் அடிப்படையில் வேறொரு நோய்க்குச் சோதிக்கும் அணுகுமுறை அவரிடம் இக்காலத்திலேயே உருவாகிவிட்டதை இது காட்டுகிறது. பூனைக்காலி ஆய்வு இவ்வணுகுமுறையின் தொடர்ச்சியேயாகும்.

இல்லினாய் மாநிலத்தின் ஸ்பிரிங்பீல்டு நகரிலுள்ள தெற்கு இல்லினாய் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் நரம்பியல் பேராசிரியராகப் பணியாற்றியபோது, 1990-இல் ‘மூவ்மென்ட் டிஸார்டர்ஸ்’ இதழில் அவர் எழுதிய கட்டுரை பரவலாக மேற்கோள் காட்டப்படுகிறது. நடுக்குவாதத்தை ஆயுர்வேதம் கம்பவாதம் என்னும் பெயரில் அறிந்திருந்தது என்றும், லெவோடோபா அடங்கிய பூனைக்காலி அதற்கு மருந்தாகப் பயன்பட்டது என்றும் அக்கட்டுரை வாதிட்டது.

இவ்வாதத்தின் இரு கூறுகளையும் தனித்தனியே மதிப்பிடுதல் வேண்டும். நோயறிவைப் பொறுத்தவரை, சரக சங்கிதை கூறும் 80 வாத நோய்களுள் நடுக்கத்தைக் குறிக்கும் வேபது இடம்பெறுகிறது. ஆகவே நடுக்கம் ஒரு நோய்நிலையாக அறியப்பட்டிருந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் நடுக்கம், தசை விறைப்பு, அசைவுத் தளர்ச்சி ஆகியவற்றை ஒரே நோயின் கூறுகளாக இணைத்துக் காண்பதே பார்க்கின்சன் நோய் என்னும் கருத்தாக்கம். ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-இல் வெளியிட்ட நூலும் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஷார்கோ மேற்கொண்ட வேறுபாட்டாய்வும் அதனை வடிவமைத்தன. வாதம் என்னும் கோட்பாட்டின் கீழ் அமைந்த நடுக்கத்தை இதனோடு முற்றிலும் ஒன்றாக்குதல், இருவேறு வகைப்பாட்டு முறைகளைக் கலப்பதாகும்.

மருந்தறிவைப் பொறுத்தவரை, ஆத்மகுப்தாவின் முதன்மைப் பயன் வேறாக இருந்தமை முன்னரே சுட்டப்பட்டது. வாத நோய்களுக்குரிய கூட்டுமருந்துகளிலும் அவ்விதை சேர்க்கப்பட்டதுண்டு. அதனால் நடுக்கமுடைய சிலர் பயனடைந்திருக்க வாய்ப்புண்டு. அது நிகழ்ந்திருக்கக்கூடியது என்னும் அளவில் ஏற்கத்தக்கது. நடுக்கத்திற்கென்றே தேர்ந்தெடுக்கப்பட்ட தனிமருந்து என்னும் அளவிற்கு அதனை நீட்டிக்க நூற்சான்று போதாது. மன்யத்தின் கட்டுரையின் நிலைத்த பயன், முன்னுரிமையை நிறுவியதில் இல்லை. நரம்பியலார் எவரும் திரும்பிப் பாராத நூல்களைச் சோதனைக்குரிய கருதுகோளின் மூலமாக மாற்றியதில் உள்ளது.

கருதுகோளிலிருந்து சோதனைக்கு

கட்டுரையோடு நின்றுவிடாமல் அக்கருதுகோளை நோயாளரிடம் சோதித்தமை மன்யத்தின் பணிக்குத் தனிச்சிறப்புத் தருகிறது. பூனைக்காலி விதைப் பருப்பின் பொடியிலிருந்து அமைக்கப்பட்ட எச்.பி.-200 என்னும் மருந்து இந்தியாவின் பல மருத்துவ மையங்களில் 60 நோயாளருக்கு 12 வாரங்கள் கொடுக்கப்பட்டது. அவர்களுள் 26 பேர் முன்னரே லெவோடோபா உட்கொண்டு வந்தோர். 34 பேர் அதனை உட்கொள்ளாதோர். 7.5 கிராம் எடையுள்ள பொதியின் பொடி நீரில் கலக்கப்பட்டு நாளொன்றுக்கு 3 முதல் 6 முறை வழங்கப்பட்டது. நோய்க்குறிகள் குறிப்பிடத்தக்க அளவு குறைந்ததை 1995-இல் வெளியான அறிக்கை காட்டியது. ஆயினும் அது ஒப்பீட்டுக் குழுவோ மறைப்பு முறையோ இல்லாத திறந்த ஆய்வு. ஆகவே மருந்தின் பயனையும் நோயாளரின் எதிர்பார்ப்பால் விளைந்த மேம்பாட்டையும் அதனால் பிரித்துக் காட்ட இயலவில்லை.

1997-இல் ஹுசைனும் மன்யமும் வெளியிட்ட எலி ஆய்வு வேறொரு வினாவை எழுப்பியது. சம அளவு லெவோடோபா கொண்ட நிலையிலும் விதைப்பொடி செயற்கை லெவோடோபாவைவிட ஏறத்தாழ இரு மடங்கு செயலாற்றியதாக அவர்கள் கண்டனர். அவ்வாறாயின் விதையில் லெவோடோபா தவிர வேறு பொருள்களும் செயற்படுகின்றன என்று கருத இடமுண்டு. எலிகளுக்கு ஓராண்டு பூனைக்காலி கொடுத்து நிகழ்த்தி 2004-இல் வெளியிட்ட ஆய்வும் இவ்வழியில் அமைந்ததே. அவ்வேறு பொருள்கள் எவை என்பதை அவ்வாய்வுகள் அறுதியிடவில்லை.

மன்யத்தின் ஆய்வுப்பணி பூனைக்காலியோடு முடியவில்லை. மூளையின் அடித்தள நரம்பணுத்திரளில் சுண்ணச்சத்துப் படியும் நோய்நிலை குறித்து நோயாளர் பதிவேட்டின் அடிப்படையில் அவர் ஆராய்ந்தார். ‘ஃபார் நோய்’ என்னும் பெயர் எதற்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்பதை 2005-இல் விரிவாக எழுதினார். ஒரு நோய்க்குப் பெயரிடுவதில் இத்துணைக் கண்டிப்புக் காட்டிய அறிஞர், கம்பவாதத்தைப் பார்க்கின்சன் நோயோடு ஒன்றெனக் கொண்டதில் அதே கண்டிப்பைக் கடைப்பிடிக்கவில்லை என்பது இங்குக் கருதத்தக்கது.

பிற்கால ஆய்வுகளும் இன்றைய பொருத்தமும்

மறைப்பு முறையில் அமைந்த சோதனை 2004-இல் இலண்டனில் கட்ஸென்ஷ்லாகர் குழுவினரால் நிகழ்த்தப்பட்டது. 8 நோயாளருக்கு வெவ்வேறு நாள்களில் 200 மில்லிகிராம் லெவோடோபா கார்பிடோபாவுடனும், 15 கிராம், 30 கிராம் பூனைக்காலியும் கொடுக்கப்பட்டன. 30 கிராம் பூனைக்காலி 34.6 நிமிடங்களில் செயற்படத் தொடங்கியது. வழக்கமான மருந்துக்கு 68.5 நிமிடங்கள் ஆயின. நல்லசைவு நீடித்த நேரமும் பூனைக்காலிக்கு மிகுந்திருந்தது, மிகையசைவுகள் கூடவில்லை. ஆனால் அந்த 30 கிராமில் இருந்த லெவோடோபா 1000 மில்லிகிராம். வழக்கமான மருந்தில் இருந்ததைப்போல் ஐந்து மடங்கு. துணைமருந்து இன்றி மூளையைச் சென்றடைய அவ்வளவு தேவைப்பட்டது. 2017-இல் சீலியா குழுவினர் பொலிவியாவில் 18 நோயாளரிடம் இதனையொத்த ஆய்வை நிகழ்த்தினர். லெவோடோபா வாங்க இயலாத ஏழை நோயாளருக்கு விதைப்பொடி மாற்றாகுமா என்பதே அவர்களின் வினா.

இவ்வினா தமிழகத்திற்கும் உரியது. லெவோடோபா நோயை அகற்றுவதில்லை. வாழ்நாள் முழுதும் உட்கொள்ள வேண்டிய மருந்து அது. அளவு சிறிது மாறினும் அசைவு மாறும். விதையில் உள்ள லெவோடோபாவின் அளவோ விளைநிலம், வகை, பதப்படுத்தும் முறை ஆகியவற்றைப் பொறுத்து வேறுபடும். இயற்கைப் பொருள் என்பதனால் தீங்கற்றது எனக் கருதி, மாத்திரையோடு பொடியையும் மருத்துவர் அறியாமல் உட்கொள்வோர் அறியாமலே இரட்டை அளவு லெவோடோபாவைப் பெறுகின்றனர். ‘முன்னோர் அறிந்தது’ என்னும் வரலாற்றுக் கூற்று இங்கு மருந்துப் பரிந்துரையாக மாறிவிடுகிறது. ஆகவே அக்கூற்றின் துல்லியம் நோயாளரின் நலத்தோடு நேரடியாகத் தொடர்புடையது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வின் வழி மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, பூனைக்காலி விதையில் லெவோடோபா உள்ளது என்னும் அறிவு சென்னையில் 1937-இல் நிறுவப்பட்டது. லெவோடோபாவின் வரலாற்றில் தாமோதரன், ராமசாமி ஆகியோரின் பெயர்கள் இடம்பெறுதல் வேண்டும். இரண்டாவது, அவ்வறிவு மருந்தாவதற்கு டோபமைன் பற்றிய நரம்பு வேதியியல் இன்றியமையாததாக இருந்தது. அதனைப் பண்டைய நூல்களில் தேடுதல் அந்நூல்களுக்கும் நேர்மை செய்வதாகாது. மூன்றாவது, மன்யத்தின் பணி மரபு நூலைப் பெருமைக்குரிய சான்றாக மட்டும் நிறுத்தாமல் சோதனைக்குரிய வினாவாக மாற்றியது. அவ்வினாவிற்கு அவர் தந்த விடைகள் முழுமை பெறாதவையாயினும், பின்வந்தோர் அவற்றைச் சோதித்தறிய வழி திறந்தது.

நிலாவாரை தன் ஊர்ப்பெயரோடு உலக மருந்து நூலில் நுழைந்தது வணிகத்தின் வழியாக. பூனைக்காலிக்கு அத்தகைய வணிக வழி அமையவில்லை; அதன் இடத்தை ஆய்வே பெற்றுத்தர வேண்டியுள்ளது. தமிழ் மருத்துவச் சுவடிகளில் நடுக்கம் எந்தெந்தப் பெயர்களில் சுட்டப்படுகிறது, அவற்றிற்குரிய மருந்துகளில் பூனைக்காலி எந்த அளவிலும் எந்தச் சுத்தி முறையிலும் சேர்க்கப்படுகிறது என்பவற்றைச் சுவடியியலாரும் நரம்பியலாரும் இணைந்து தொகுத்தல் இத்துறையில் அடுத்து ஆற்ற வேண்டிய பணியாகும்.